நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டும் கேட்கலையா? அடுத்து என்ன செய்யணும்?

காலையில் காபி குடித்த கையோடு ஒரு ‘கேஸ் மாத்திரை’. ராத்திரி பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நடுநெஞ்சில் எரிச்சல், தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி. மறுநாள் மெடிக்கல் ஷாப்பில், “அண்ணே, இது கேக்கல. இதைவிட பவரா ஏதாச்சும் குடுங்க.” பான்டோபிரசோல் போய் ரபெப்ரசோல் வரும். அதுவும் போய் எசோமெப்ரசோல் வரும். ஆறு மாதம் ஒரு வருடமாகும், ஒரு வருடம் ஐந்து வருடமாகும். எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த வகை மாத்திரையைத் தினமும் ஒரு வேளை எடுத்தும் முழு நிவாரணம் கிடைக்காதவர்கள் 30 முதல் 40 சதவீதம் வரை இருக்கலாம் என்கின்றன மருத்துவ ஆய்வுகள். அதாவது பத்துப் பேரில் மூன்று, நான்கு பேர். இவர்களுக்கு அடுத்த வழி என்ன? இன்னும் பவரான மாத்திரையா? ஆபரேஷனா? இல்லை, வாழ்நாள் முழுக்க இப்படியேதானா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. விடை கிடைத்தது. ஆனால், அதற்கு முன்பே வேறொரு விஷயம் வெளியே வந்துவிட்டது.

366 பேர் வந்தார்கள், 78 பேர் மிஞ்சினார்கள்

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ‘மாத்திரை போட்டும் நெஞ்செரிச்சல் போகவில்லை’ என்று அங்கே அனுப்பப்பட்ட 366 பேரை டாக்டர் ஸ்டூவர்ட் ஸ்பெக்லர் தலைமையிலான குழு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஆபரேஷன் நல்லதா, மருந்தைக் கூட்டுவது நல்லதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். முடிவுகள் 2019-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாகின.

சிகிச்சையைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரையும் முதலிலிருந்து பரிசோதித்தார்கள். அப்போது தெரியவந்தவை இவை:

- 42 பேருக்கு, மாத்திரையை முறையாகச் சாப்பிட வைத்ததுமே எரிச்சல் குறைந்துவிட்டது.
- 99 பேருக்கு எரிச்சல் இருந்தது. ஆனால், அதற்குக் காரணம் அமிலம் இல்லை.
- 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய் இருந்தது.
- 70 பேர் பரிசோதனைகளை முழுமையாக முடிக்கவில்லை. 54 பேர் வேறு காரணங்களால் விலக்கப்பட்டார்கள்.

கடைசியில் சிகிச்சை ஒப்பீட்டுக்குத் தேறியவர்கள் 78 பேர்தான்.

‘மாத்திரை கேட்கவில்லை’ என்று எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஆனால், அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மூன்று நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. எது என்று தெரியாமல் மாத்திரையை மாற்றிக்கொண்டே போவதில் பலன் இல்லை.

முதலில், எரிச்சல் ஏன் வருது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு கீழே இறங்கும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். ஒரு கதவு மாதிரி. இந்தக் கதவு தேவையில்லாத நேரத்தில் தளர்ந்து திறந்தால், இரைப்பையில் இருக்கிற அமிலமும் சாப்பாடும் மேலே ஏறும். சிலருக்கு இரைப்பையின் மேல்பகுதியே உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ‘ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான். அப்படி இருந்தால் கதவு இன்னும் பலவீனமாகிவிடும்.

எப்போதாவது மேலே வருவது எல்லோருக்கும் நடப்பதுதான். அடிக்கடி வந்து தொந்தரவு தந்தாலோ, உணவுக்குழாயைப் புண்ணாக்கினாலோ அது எதுக்களிப்பு நோய். டாக்டர்கள் ‘ஜெர்டு’ என்று சொல்வார்கள். நம்ம ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் ‘அல்சர்’ என்று சொல்லிவிடுகிறோம். அல்சர் என்பது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ வரும் புண். எதுக்களிப்பு நோய் வேறு.

இன்னொரு விஷயம் முக்கியம். நாம் போடும் மாத்திரை அமிலம் சுரப்பதைக் குறைக்கும். கதவைச் சரிசெய்யாது. அதனால் மேலே ஏறுவது நிற்காது, ஏறுவதன் காரம்தான் குறையும். “எரிச்சல் பரவால்ல, ஆனா குனிஞ்சா சாப்பிட்டதெல்லாம் வாய்க்கு வருது” என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுறீங்க?

ஆய்வில் வந்த அந்த 42 பேரிடமிருந்து தொடங்கலாம். அவர்களுக்குப் புது மருந்து எதுவும் தரவில்லை. 20 மில்லிகிராம் ஒமெப்ரசோல், தினம் இரண்டு வேளை, இரண்டு வாரம். சாப்பாட்டுக்கு முன்பே எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித் தந்தார்கள். அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு முன் என்பதில் என்ன இருக்கிறது? இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய ‘பம்ப்’கள் உள்ளன. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல் போன்றவை இந்தப் பம்ப்களைப் பூட்டும் மருந்துகள். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இவற்றால் பூட்ட முடியும். சும்மா இருக்கும் பம்பைத் தொட முடியாது. சாப்பிடும்போதுதான் பம்ப்கள் மொத்தமாக ஓடத் தொடங்கும். மருந்தோ, ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும்.

அதனால், பம்ப் ஓடத் தொடங்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்கச் சொல்வது இதனால்தான். சாப்பிட்டு முடித்துப் போட்டாலோ, ராத்திரி படுக்கும்போது போட்டாலோ பலன் வெகுவாகக் குறையும். மாத்திரையைப் போட்டுவிட்டு, ‘இன்னிக்கு டிபன் வேண்டாம்’ என்று பதினொரு மணி வரை பட்டினி கிடந்தாலும் அதே கதைதான்.

‘எரியும்போது மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன்’ என்பதும் இந்த மாத்திரைக்குச் சரிவராது. ஒரே நாளில் எல்லாப் பம்ப்களும் பூட்டப்படுவதில்லை. புதுப் பம்ப்களும் உருவாகிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து எடுத்தால், முழு வேகம் வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். உடனடி நிவாரணத்துக்கு ஆன்டாசிட் சிரப்தான் வேலை செய்யும்.

ஆக, மாத்திரை தோற்றது என்று சொல்லும் முன் கேட்க வேண்டியவை இவை: சரியான நேரத்தில் எடுத்தோமா? தினமும் எடுத்தோமா? எட்டு வாரமாவது எடுத்தோமா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், டாக்டர் காலை, இரவு என இரண்டு வேளையாகக் கூட்டிப் பார்க்கலாம். அல்லது ஒருமுறை வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம். சிலரது கல்லீரல் இந்த மருந்துகளை மரபணு காரணமாக வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். அவர்களுக்கு மாற்றம் உதவலாம். ஆனால், ஒருமுறைக்கு மேல் மாற்றிக்கொண்டே போவதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் கட்டத்தில் தேவை பரிசோதனை.

எண்டோஸ்கோபி எடுத்தாச்சு, நார்மல்னு வந்துடுச்சு. அப்புறம்?

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் அரிப்புப் புண் தெரிந்தால், அதன் அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். ‘லாஸ் ஏஞ்சலிஸ் கிரேடு’ என்று ரிப்போர்ட்டில் இருக்கும். பி, சி, டி என்றால் எதுக்களிப்பு நோய் உறுதி. ஏ என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களுக்கும் அது இருக்கக்கூடும்.

இங்கே ஒரு சிக்கல். மாத்திரையைப் போட்டுக்கொண்டே எண்டோஸ்கோபி செய்தால் புண் ஆறிப்போய் ‘நார்மல்’ என்று வரலாம். அதனால் நோய் இன்னும் உறுதியாகாதவர்கள், முடிந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு எண்டோஸ்கோபி செய்வது நல்லது என்கிறது அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவக் கல்லூரியின் 2022 வழிகாட்டுதல். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எண்டோஸ்கோபி நார்மல் என்றாலும் கதை முடியவில்லை. அமிலம் உண்மையிலேயே மேலே ஏறுகிறதா என்று அளந்து பார்க்க ‘பி.எச். மானிட்டரிங்’ இருக்கிறது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய டியூபை உணவுக்குழாயில் இறக்கி 24 மணி நேரம் பதிவுசெய்வார்கள். டியூப் இல்லாமல், உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டிவைக்கும் சின்ன கேப்சூல் மூலம் 96 மணி நேரம் வரை அளக்கும் முறையும் உண்டு. வழக்கம்போலச் சாப்பிடலாம், வேலைக்குப் போகலாம். எரிச்சல் வரும்போது கருவியில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும்.

கணக்கு இப்படி: ஒரு நாளில் 6 சதவீதத்துக்கும் அதிகமான நேரம், அதாவது சுமார் 86 நிமிடத்துக்கு மேல் உணவுக்குழாயில் அமிலம் இருந்தால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது சுமார் 58 நிமிடத்துக்குள் இருந்தால் இயல்பு. நடுவில் இருந்தால் மற்ற ஆதாரங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ‘இம்பீடன்ஸ்’ என்ற வசதியும் சேர்ந்த டியூபாக இருந்தால், அமிலம் இல்லாமல் வெறும் திரவமோ காற்றோ ஏறுவதையும் கண்டுபிடிக்கலாம்.

இதோடு ‘மேனோமெட்ரி’ என்று ஒரு சோதனையும் இருக்கிறது. உணவுக்குழாய்த் தசைகள் சாப்பாட்டை ஒழுங்காகக் கீழே தள்ளுகின்றனவா, கதவு எப்படி இருக்கிறது என்று அழுத்தத்தை அளந்து சொல்லும்.

எரிச்சல் நிஜம், அமிலம் இல்லை: 99 பேரின் கதை

ஆய்வில் இருந்த 99 பேருக்கு எண்டோஸ்கோபி சரி, அமில அளவு சரி, தசை இயக்கமும் சரி. ஆனாலும் எரிச்சல். இதற்கு ‘ஃபங்ஷனல் ஹார்ட்பர்ன்’ என்று பெயர். உணவுக்குழாயின் நரம்புகள் சாதாரண அசைவைக்கூட எரிச்சலாக மூளைக்குச் சொல்லும் நிலை. இன்னும் சிலருக்கு அமிலம் இயல்பான அளவில்தான் ஏறும். ஆனால், அந்தக் கொஞ்சத்துக்கே எரியும். நரம்பின் ‘வால்யூம்’ கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்களிடம் “உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் மனசுதான்” என்று சொல்வது தவறு. வலி நிஜமானது. காரணம்தான் வேறு. இவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் பலன் இருக்காது. நரம்புகளின் உணர்வைத் தணிக்கும் மருந்துகளைக் குறைந்த டோஸில் தருவார்கள். அவற்றில் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. அதனால் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து, ‘எனக்குப் பைத்தியம்னு நினைச்சுட்டாரா டாக்டர்?’ என்று பயப்பட வேண்டாம். வயிற்றை நிறைத்து மூச்சு இழுக்கும் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவையும் சிகிச்சையின் பகுதி.

இந்த 99 பேரில் யாராவது பரிசோதனை இல்லாமல் நேராக ஆபரேஷனுக்குப் போயிருந்தால்? இல்லாத அமிலத்துக்காக வயிற்றில் கத்தி வைத்திருப்பார்கள்.

23 பேருக்கு இருந்தது வேறு நோய்

நெஞ்செரிச்சல் போலவே வேஷம் போடும் நோய்களும் உண்டு. ‘அகலேசியா’ என்ற நோயில் கதவு தளர்வதற்குப் பதிலாகத் திறக்கவே மறுக்கும். சாப்பாடு உணவுக்குழாயிலேயே தங்கிப் புளித்து மேலே வரும். பார்த்தால் எதுக்களிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் சிகிச்சை நேர் எதிர். ‘ஈசினோஃபிலிக்’ அழற்சி என்பது ஒவ்வாமை தொடர்பானது. சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்த்தால்தான் தெரியும்.

நம்மைச் சுற்றி அதிகம் காணும் இன்னொரு காரணம் நீண்டகால சர்க்கரை நோய். அது இரைப்பையின் நரம்புகளைப் பாதித்தால் சாப்பாடு கீழே இறங்கத் தாமதமாகும். ரெண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும், அப்புறம் எதுக்களிக்கும். வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தும் காரணமாக இருக்கலாம். வலி மாத்திரைகள், டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்மானத்துக்குத் தரப்படும் அலெண்ட்ரோனேட் போன்றவை தண்ணீர் போதாமல் விழுங்கினால் உணவுக்குழாயையே புண்ணாக்கும். ஆகவே, வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற முழுப் பட்டியலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நிஜமாவே மாத்திரைக்கு அடங்காத அமிலம்னா?

இப்போது மிஞ்சிய 78 பேர். இவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன். இரண்டாவது குழுவுக்கு ஒமெப்ரசோலோடு பேக்லோஃபென் என்ற மருந்து, தேவைப்பட்டால் நரம்பு உணர்வைத் தணிக்கும் டெசிப்ரமின். மூன்றாவது குழுவுக்கு ஒமெப்ரசோலும் மருந்தில்லாத போலி மாத்திரையும்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் குழுவில் 27 பேரில் 18 பேருக்கு, அதாவது 67 சதவீதம் பேருக்கு நல்ல பலன். மருந்தைக் கூட்டிய குழுவில் 25 பேரில் 7 பேர், 28 சதவீதம். மூன்றாவது குழுவில் 26 பேரில் 3 பேர், 12 சதவீதம்.

நன்றாகச் சலித்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஆபரேஷன் தெளிவாகவே மேலானது. அப்படிச் சலித்த பிறகும் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த ஆபரேஷனுக்குப் பெயர் ‘ஃபண்டோப்ளிகேஷன்’. இரைப்பையின் மேல்பகுதியை எடுத்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி மஃப்ளர் போலச் சுற்றித் தைப்பார்கள். பலவீனமான கதவுக்கு வெளியிலிருந்து ஒரு பிடிமானம். 1955-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்த முறை இது. 1990-களிலிருந்து சின்னத் துளைகள் வழியாகவே செய்கிறார்கள். முழுதாகச் சுற்றாமல் பாதியளவு சுற்றும் முறையும் உண்டு.

பக்கவிளைவுகளும் உண்டு. விழுங்கச் சிரமம், ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவது போன்றவை வரலாம். வருடங்கள் போனால் தையல் தளர்ந்து, திரும்ப மாத்திரைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் மேனோமெட்ரி செய்து அகலேசியா இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

உடல் பருமனும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். எடை குறைக்கச் செய்யும் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ எதுக்களிப்பையும் குறைக்கும். ஆனால், இப்போது பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ ஆபரேஷன் சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டிவிடும். எடைக்காக ஆபரேஷன் யோசிப்பவர்கள் தங்களுக்கு நெஞ்செரிச்சல் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புதுசா வந்திருக்கும் மாத்திரை

2014-ல் ஜப்பானில் அனுமதி பெற்ற ‘வோனோபிரசான்’ இந்த ஆய்வு நடந்தபோது அதில் இல்லை. அமெரிக்காவில் 2023-ல் உணவுக்குழாய் அரிப்புக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் இப்போது விற்பனைக்கு இருக்கிறது. இதுவும் அதே பம்பைத்தான் தடுக்கிறது, ஆனால் வேறு வழியில். பம்ப் ஓடும்வரை காத்திருக்காது, சாப்பாட்டு நேரத்தோடும் கட்டுப்படாது, ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். சி, டி கிரேடு போன்ற கடுமையான அரிப்புப் புண்ணை ஆற்றுவதில் லான்சோபிரசோலைவிட மேலாகச் செயல்பட்டது ஆய்வில் தெரியவந்தது.

ஆனால், இதுவும் அமிலத்தைக் குறைக்கும் மருந்துதான், கதவைச் சரிசெய்யும் மருந்து இல்லை. அமிலமே காரணமில்லாதவர்களுக்கு இதுவும் பெரிதாக உதவாது.

சாப்பிட்டபின் எதுக்களிப்பவர்களுக்கு ‘ஆல்ஜினேட்’ சிரப் உதவும். கடல்பாசியிலிருந்து கிடைக்கும் இந்தப் பொருள், இரைப்பையில் இருப்பதன் மேல் ஒரு மிதவை போலப் படர்ந்து மேலே ஏறுவதைத் தடுக்கும். பேக்லோஃபென், கதவு தேவையில்லாமல் திறப்பதைக் குறைக்கும். ஆனால் தூக்கக் கலக்கம், தலைசுற்றல் வரும். எல்லோருக்கும் தருவதில்லை.

நம்ம ஊரில் இன்னொரு பழக்கம், பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூலை வருடக்கணக்கில் தானாகவே வாங்கிச் சாப்பிடுவது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-லேயே அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னது. லெவோசல்பிரைடு நீண்டநாள் எடுத்தால் கைநடுக்கம், பார்க்கின்சன் போன்ற தளர்ச்சி வரலாம், முக்கியமாக வயதானவர்களுக்கு. வெறும் பான்டோபிரசோலும் இந்தக் கூட்டு மாத்திரையும் ஒன்றல்ல. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

வீட்டுல என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் ஒரே பத்தியம் கிடையாது. ஆதாரம் உள்ளவை இவை:

- கூடுதல் எடை இருந்தால் குறைப்பது. வயிற்றுப் பருமன் கதவின் மேல் அழுத்தத்தைக் கூட்டும்.
- படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே ராத்திரிச் சாப்பாட்டை முடிப்பது.
- கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவது. தலையணையை மட்டும் அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி, வயிறுதான் அழுந்தும்.
- இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது. அப்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்வாக இருக்கும்.
- புகைப்பழக்கத்தை நிறுத்துவது.

காபி, காரம், எண்ணெய்ப் பலகாரம், புளிப்பு ஆகியவற்றில் எது தனக்குத் தொந்தரவு தருகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்துப் பார்த்து, அதை மட்டும் குறைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு தயிர்சாதத்தோடு வாழ வேண்டியதில்லை.

சரி, மாத்திரையை நிறுத்திடலாமா?

அமிலம் காரணமில்லை என்று பரிசோதனையில் தெரிந்தால் நிறுத்துவதுதான் சரி. ஆனால், நிறுத்தியதும் சிலருக்கு எரிச்சல் முன்பைவிடக் கூடும். டென்மார்க்கில் வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2009-ல் முடிவு வெளியானது. எட்டு வாரம் எசோமெப்ரசோல் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்குப் புதிதாக எரிச்சல், புளித்த ஏப்பம் போன்றவை வந்தன. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அடக்கி வைத்த அமிலச் சுரப்பு கொஞ்ச நாள் துள்ளிக் குதிப்பதால் வரும் தொந்தரவு இது. ‘நிறுத்தினா எரியுது, அப்ப எனக்கு வாழ்நாள் முழுக்க வேணும்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. படிப்படியாகக் குறைப்பது, இடைப்பட்ட நாட்களில் ஆன்டாசிட் எடுப்பது என்று டாக்டர் வழிசொல்வார்.

மறுபக்கம், கிட்னி போய்விடும், எலும்பு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்துவிட்டு அவசியமானவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். 17,598 பேரிடம் பான்டோபிரசோலையும் போலி மாத்திரையையும் சுமார் மூன்று வருடம் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019-ல் வெளியானது. குடல் தொற்று கொஞ்சம் கூடுதல் (1.4 சதவீதம், போலி மாத்திரையில் 1 சதவீதம்) என்பதைத் தவிர மற்றவற்றில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சி, டி கிரேடு புண் உள்ளவர்கள், ‘பேரட்ஸ்’ மாற்றம் உள்ளவர்கள், ரத்தத்தை இளக்கும் மருந்தோடு பாதுகாப்புக்காக இதை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

இவையெல்லாம் காத்திருக்கக் கூடாதவை

சாப்பாடு தொண்டையில், நெஞ்சில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை, விடாத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் எட்டு வாரம் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்த்து எண்டோஸ்கோபி பற்றிக் கேட்க வேண்டும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது. ‘கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்’ என்று இழுத்தடித்து மாரடைப்பில் உயிரை விட்டவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சல், குமட்டல் போலவும் வரலாம். சந்தேகம் வந்தால் முதலில் ஈ.சி.ஜி., அப்புறம்தான் கேஸ் மாத்திரை. 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது

“மாத்திரை கேக்கல, வேற குடுங்க” என்பதற்குப் பதிலாக இவற்றைச் சொல்லலாம், கேட்கலாம்:

- எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு, எத்தனை வாரமாக எடுக்கிறேன்.
- எரிச்சல் அதிகமா, எதுக்களிப்பு அதிகமா, விழுங்கச் சிரமம் இருக்கிறதா.
- வேறு நோய்களுக்கு என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன்.
- எனக்கு எதுக்களிப்பு நோய் என்பது எண்டோஸ்கோபியிலோ பி.எச். சோதனையிலோ உறுதியாகியிருக்கிறதா?
- இல்லை என்றால், அடுத்த மாத்திரைக்கு முன் அந்தச் சோதனை எனக்குத் தேவையா?

ஐந்து வருடமாக மாத்திரை மாற்றிக்கொண்டிருப்பவருக்கு, கடைசி இரண்டு கேள்விகளுக்கான பதிலில்தான் அடுத்த சிகிச்சை இருக்கிறது.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கு மட்டுமே. மருந்தைத் தொடங்கவோ, மாற்றவோ, நிறுத்தவோ மருத்துவரின் ஆலோசனை அவசியம்.)